நாற்று வாங்குவதா, விதை போடுவதா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கிறோம். கிழக்குப் பார்த்த பல்கனியில் காலை முதல் நண்பகல் வரை நல்ல வெயில் விழும். சென்ற வருடம் தக்காளியும் கறிமிளகாயும் விதைத்தேன். தக்காளி முளைத்து ஓர் இரவுக்குள் சரிந்துவிட்டது. கறிமிளகாய் முளைக்கவே இல்லை. கன்றாக வாங்குவதே புத்தி என்கிறார் அம்மா. கனடாவில் இருக்கும் அண்ணா, விதைதான் நல்லது என்று காணொளிகளாக அனுப்புகிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி ஒருவர், வெள்ளவத்தை)

பதில்: தக்காளிக்கு அண்ணா சொல்வதையும், கறிமிளகாய்க்கு இந்த முறை அம்மா சொல்வதையும் கேளுங்கள்.

அண்ணா அனுப்பும் காணொளிகளில் வரும் மின்விளக்கும் சூடேற்றும் விரிப்பும் உறைபனி விழும் நாட்டுக்கு உரியவை. அங்கே பனி நீங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே வீட்டுக்குள் நாற்று வளர்க்காவிட்டால் கோடைக்குள் காய் பறிக்க முடியாது. இந்தப் பயிர்களின் விதை முளைக்கத் தேவையான 25 முதல் 30 பாகை வரையிலான வெப்பம் கொழும்பில் வருடம் முழுவதும் இருப்பதால், நமக்கு அந்தச் செலவு வேண்டாம். நம்முடைய சிக்கல் ஈரம்.

உங்கள் தக்காளி நாற்றுகளைச் சாய்த்தது, அநேகமாக, நாற்றழுகல் நோய். விழுந்த நாற்று ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால், இலை பச்சையாகவே இருக்க, தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் நனைந்த நூலைப்போல ஒடுங்கிக் கறுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். மண்ணில் வாழும் பூஞ்சணங்கள் செய்யும் வேலை இது. நெருக்கமாக விதைப்பதும் மாலையில் நீர் ஊற்றுவதும் காற்றோட்டமின்மையும் அவற்றுக்குத் துணைபோகின்றன. தோட்டத்து மண்ணை விட்டுவிட்டு, இரண்டு மூன்று முறை கழுவிப் பிழிந்த தும்புத்தூளையும் அரித்தெடுத்த கூட்டெருவையும் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகளில் நிரப்பி, கோப்பைக்கு இரண்டு விதை வீதம் அரைச் சென்றிமீற்றர் ஆழத்தில் இடுங்கள். மேலிருந்து ஊற்றாமல், கோப்பைகளை நீருள்ள தட்டில் கால்மணி நேரம் வைத்து எடுங்கள். முளை தெரிந்த அன்றே காலை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு மெலியும்.

கறிமிளகாய் முளைக்காததற்கு உங்கள் அவசரமோ விதையின் வயதோ காரணமாக இருக்கலாம். தக்காளி ஒரு வாரத்தில் தலைகாட்டும். மிளகாய் இனம் இரண்டு வாரமும் சில வேளை அதற்கு மேலும் எடுக்கும். பிரித்த விதைப் பக்கற்றைச் சமையலறைத் தட்டில் விட்டால், கொழும்பின் ஈரக் காற்றில் மிளகாய் விதையின் உயிர் விரைவில் குன்றிவிடும். முளைத்த பிறகும் நடுகைக்கு வர ஐந்து ஆறு வாரங்கள் ஆகும். ஒரு குடும்பத்துக்கு மூன்று கறிமிளகாய்ச் செடிகள் போதும் என்பதால், அவற்றைக் கன்றாக வாங்குவதில் நட்டமில்லை.

தக்காளிக்கு நான் விதையை வலியுறுத்துவதற்குக் காரணங்கள் உண்டு. சில வருடங்களுக்கு முன் வீதியோரம் வாங்கிய ஆறு தக்காளிக் கன்றுகளை நட்டேன். பூத்து நிற்கையில், நண்பகலில் வாடி மாலையில் நிமிர்ந்து, நான்காம் நாள் நிமிராமலே போயின. ஒரு தண்டை வெட்டி நீர்க் கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டபோது, வெட்டுவாயிலிருந்து பாலைப்போல் வெண்ணிழைகள் இறங்கின. அது பற்றீரியா வாடல் நோயின் அடையாளம். என்னுடைய சாடிகளில் புது மண்ணே இருந்ததால், கன்றோடு வந்த மண்ணில்தான் நோய் வந்திருக்க வேண்டும். அதற்கு மருந்தில்லை, அந்த மண்ணில் பின்னர் கத்தரியும் மிளகாயும்கூட நிலைப்பது கடினம். அன்றைய வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இன்னொரு காரணம் இரகம். இரவு வெப்பம் கூடிய இடத்தில் பல தக்காளி இரகங்கள் பூவை உதிர்த்துவிடும். பெயர் தெரியாத கன்றை வாங்கினால் அது எந்த இரகம் என்பதை அறியவே முடியாது. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட திலின போன்ற இரகங்களின் விதையைத் திணைக்கள விற்பனை நிலையங்களில் கேட்டு வாங்குங்கள். நவம்பர் நடுப்பகுதியில் விதைத்தால், நாற்று 25 நாட்களில் நடுகைக்கு வந்து, மழை குறைந்து இரவு சற்றுக் குளிரும் ஜனவரியில் பூக்கும். நடும்போது அடி இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதியைப் புதையுங்கள். புதைந்த தண்டிலிருந்து வேர் விடுவது தக்காளியின் இயல்பு. மிளகாய்க் கன்றை அது இருந்த ஆழத்துக்கே நடுங்கள்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பூவோ பிஞ்சோ பிடித்த கன்று சிறு கோப்பையில் நாட்கணக்காய்க் காத்திருந்தது. செடியை மெதுவாகத் தட்டுங்கள். சாம்பல் பறப்பதுபோல் வெள்ளை ஈக்கள் எழுந்தால் அங்கே எதையும் வாங்காதீர்கள், இலைச்சுருள் நோயைக் கொண்டுவருபவை அவை. அடித்துளையில் தெரியும் வேர் வெண்மையாக இருக்கட்டும். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை வந்த அன்றே முழு வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும் என்பதால், முதல் நாள் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு என ஒரு வாரம் பழக்குங்கள்.

கேள்வி: சந்தையில் வாங்கிய தக்காளிப் பழத்தின் விதையைப் போடலாமா? (வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை)

பதில்: முளைக்கும். ஆனால் பழம் கலப்பின விதையில் விளைந்ததாயின் பிள்ளைச் செடிகள் தாயைப்போல் இரா. சோதித்துப் பார்க்க விரும்பினால், நன்கு பழுத்த பழத்தின் விதையைச் சாற்றுடனேயே ஒரு கோப்பையில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு நீங்கக் கழுவி, காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள்.