சேலத்து வெயிலில் வீட்டின் முன்சுவரில் பதித்த கல் நிற்குமா?

சேலத்தில் வீடு கட்டிக்கொண்டிருப்பதாகவும், முன்சுவரில் கல் பதிக்க ஆசைப்படுவதாகவும், இந்த ஊர் வெயிலுக்கு இரண்டே வருடத்தில் எல்லாம் கழன்று விழுந்துவிடும் என்று பலரும் பயமுறுத்துவதாகவும் எழுதி, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் அது உண்மையாகவே நடந்தது. இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆனபோது விழுந்தது. அதே சுவரில், அதே வகைக் கல்லை மறுபடியும் பதித்தோம். அது இன்றுவரை நிற்கிறது. இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். நான் பொறியாளன் அல்லன். எந்தக் கம்பெனியின் பசைக்கும் பரிந்து பேச வரவில்லை.

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி, மேற்குப் பார்த்த வாசலோடு இருக்கிறது. மலை அருகில் இருப்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று வெளியூர் உறவினர்கள் நினைத்துக்கொள்வார்கள். சித்திரை, வைகாசியில் மாலை ஐந்து மணிக்கு எங்கள் முன்சுவரில் உள்ளங்கையை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட வேண்டியிருக்கும். அந்தச் சுவரில் 2016 ஏப்ரலில், வைகாசியில் புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்ட அவசரத்தில், 220 சதுர அடிக்கு அடர்சாம்பல் நிறக் கல் பதித்தோம். முகம் உடைத்த கல், முதுகு இயந்திரத்தில் அறுத்தது, கனம் 20 மில்லிமீட்டர். அந்தக் கனத்தில் ஒரு சதுர அடிக் கல் ஏறக்குறைய ஐந்து கிலோ இருக்கும். அப்படியானால் ஒரு டன்னுக்கும் மேலான எடையை அந்தச் சுவரின் முகத்தில் தொங்கவிட்டிருந்தோம். இந்தக் கணக்கைக் கல் விழுந்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

2018 மே மாதம், கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் மாலை, மலைப்பக்கமிருந்து திடீரென்று கோடை மழை வந்தது. பகல் முழுதும் காய்ந்து கிடந்த சுவரில் சாரல் நேராக அடித்தது. அம்மா வழக்கமாக இருட்டும் வரையில் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சாரலுக்காக எழுந்து உள்ளே வந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நெல் மூட்டையைத் தூக்கிப் போட்டது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், சன்னலுக்கு மேலே இருந்த ஒரு வரிசை முழுதும் கீழே கிடந்தது. அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் நடுவில் ஒரு கல் விழுந்து, இருக்கை இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த நாற்காலியை நாங்கள் இன்னும் தூக்கிப் போடவில்லை.

மறுநாள் காலையில் விழுந்த கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று என்று ஐந்து உருண்டை சிமெண்ட் வைத்து அமுக்கியிருந்தார்கள். மீதி இடமெல்லாம் காற்று. அந்த உருண்டைகளை நகத்தால் சுரண்டியபோது, இரண்டு வருடம் ஆன சிமெண்ட் விபூதி போல உதிர்ந்தது. சில கற்களில் சிமெண்ட் ஒட்டிய தடமே இல்லை. முதுகில் மாவு பூசியது போல அறுப்புத்தூள் அப்படியே இருந்தது. கல் கழன்ற இடத்தில் சுவரைப் பார்த்தால், பூச்சுக்கு மேல் அடித்திருந்த வெள்ளை பிரைமர் பளிச்சென்று தெரிந்தது. ஒரு டன் கல்லை ஒரு கோட்டு பெயிண்டின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். நான் வீட்டில் இருந்தும், தினமும் பார்த்தும், அது தவறு என்று எனக்குத் தெரியவில்லை.

பழுது பார்க்க அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு வயதான மேஸ்திரி வந்தார். நிற்கிற கற்களையெல்லாம் கரணைப் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். நன்றாக ஒட்டிய கல் கெட்டியான சத்தம் கொடுத்தது. மற்றவை காலிப் பானையைத் தட்டியது போல ஒலித்தன. பாதிக்கு மேல் காலிப் பானைதான். அம்மா, "வெயிலுக்குக் கல்லு வெடிச்சுப் போச்சா தம்பி?" என்று கேட்டதற்கு அவர், "கல்லு மேல தப்பு இல்லைங்கம்மா. சிமெண்டு தாகத்துல செத்துப்போச்சுங்க" என்றார். உங்கள் கேள்விக்கு இதைவிடச் சரியான பதிலை நான் எங்கும் கேட்டதில்லை.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதாக நாம் நினைக்கிறோம். அது தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் அந்த வினைக்கே தேவைப்படுகிறது. ஏப்ரல் மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்குச் சுவரில் மெல்லிய கலவையை வைத்தால், முன்னால் கல்லின் சூடும் பின்னால் வறண்ட செங்கல் சுவரும் அந்தத் தண்ணீரை ஒரே நேரத்தில் இழுத்துவிடுகின்றன. மிச்சத்தை அனல் காற்று கொண்டுபோய்விடுகிறது. வினை பாதியில் நின்றுபோன சிமெண்ட் பார்ப்பதற்குக் கெட்டியாகத்தான் இருக்கும், பிடிமானம் மட்டும் இருக்காது. அது கல்லை ஓரிரு கோடைகளுக்குத் தாங்கும். பிறகு தினமும் பகலில் விரிந்து இரவில் சுருங்கும் அசைவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும். கொதிக்கிற சுவரில் குளிர்ந்த மழை அடிப்பது கடைசி அடி மட்டுமே.

இரண்டாம் முறை அந்த மேஸ்திரி உடனே வேலையைத் தொடங்க மறுத்துவிட்டார். பழைய கல்லை முழுதும் இறக்கி, பிரைமரையும் பழைய பூச்சையும் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில் சொரசொரப்பாகப் புதிய பூச்சு பூசினார். அதற்குப் பத்து நாள் சாக்கு கட்டித் தண்ணீர் அடிக்கச் சொன்னார். பிறகு ஒரு மாதத்துக்கு மேல் சுவரை அப்படியே விட்டார். கல் பதித்தது 2019 தை மாதத்தில். அக்கம்பக்கத்தார் வீடு அலங்கோலமாகக் கிடக்கிறதே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காத்திருப்பு இல்லாமல் வேலை சரியாக வந்திருக்காது என்றே இப்போதும் நினைக்கிறேன்.

மேற்குச் சுவரில் காலை ஏழு முதல் பதினொன்றரை வரை மட்டுமே அவர் வேலை செய்தார், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் அது நிழலில் இருக்கும். அதன் பிறகு சாரத்தில் பச்சை நிழல்வலையைக் கட்டிவிட்டு இறங்கிவிடுவார். உங்கள் வீடு கிழக்குப் பார்த்தது என்றால் இதைத் திருப்பி, பிற்பகலில் செய்ய வேண்டும். ஒவ்வொரு கல்லின் முதுகையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நிழலில் சாய்த்து வைத்தார்கள். பசை பூசுவதற்கு முன் சுவரில் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பார்கள். ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் வழியக்கூடாது.

வெறும் சிமெண்டுக்குப் பதிலாக, பாலிமர் கலந்த கல் ஒட்டும் பசையைத்தான் பயன்படுத்தினோம். இதற்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் உண்டு. அதில் ஐந்து வகைகள் இருக்கின்றன. மூட்டையில் அந்த எண்ணும், வெளிச்சுவருக்கும் இயற்கைக் கல்லுக்கும் ஏற்றது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள். கடைக்காரர் தரையில் டைல்ஸ் ஒட்டும் மூட்டையைக் கொடுத்து எல்லாம் ஒன்றுதான் என்பார்; அது வேண்டாம். நல்ல பசையையும் நம் வெயில் சும்மா விடாது. சுவரில் பல் கரண்டியால் வரி இழுத்த பசையின் மேல் சீக்கிரமே ஒரு மெல்லிய ஆடை படிந்துவிடும், காய்ச்சிய பாலில் படிவது போல. மேஸ்திரி ஒவ்வொரு முறையும் விரலால் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பசை ஒட்டினால் கல்லை வைத்தார், ஒட்டாவிட்டால் இரக்கமே இல்லாமல் வழித்து எறிந்தார். அதனால் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று கல்லுக்கு மேல் பசை பூசவே இல்லை. சட்டியில் இறுகத் தொடங்கிய பசையில் ஒரு சித்தாள் தண்ணீர் ஊற்றப் போனபோது அவர் சாரத்திலிருந்து போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

பசை சுவரிலும் கல்லின் முதுகிலும் முழுதாகப் படர வேண்டும். பத்துக் கல்லுக்கு ஒன்றை உடனே பிய்த்துக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் எங்கும் வெறுங்கல் தெரியக்கூடாது. இது ஒன்றை மட்டும் நீங்கள் விடாமல் செய்தாலே என் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டில் நடப்பதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. ஆள் உயரத்துக்கு மேலே பதித்த ஒவ்வொரு கல்லுக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளைச் சுவரில் துளையிட்டு மாட்டினோம். பசை கைவிட்டாலும் கல் தலையில் விழாமல் இருப்பதற்காக நான் பிடிவாதம் பிடித்துச் செய்தது இது. செலவு கூடியது, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

கற்களை நெருக்கி ஒட்டினால்தான் அழகு என்று பலரும் சொல்வார்கள். வெளிச்சுவரில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கருங்கல் போன்ற கல் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 0.008 மில்லிமீட்டர் நீளும். விடியற்காலைக்கும் மாலைக்கும் சுவரின் முகத்தில் 35 டிகிரி வித்தியாசம் வந்தால், பத்தடி நீளமுள்ள வரிசை முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நீள வேண்டும். போக இடம் இல்லையென்றால் அது முன்னால் புடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். கல்லுக்குக் கல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளியும், பத்தடிக்கு ஒரு முறையும், கான்கிரீட் பீமும் செங்கல் சுவரும் சேருகிற இடத்திலும் மேலிருந்து கீழ்வரை அல்லது குறுக்காக ஒரு விரல் அகல இடைவெளியும் விட்டு, அந்தப் பெரிய இடைவெளியைச் சிமெண்டால் அடைக்காமல் சிலிக்கான் போன்ற நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் இதே வெயிலில் நூற்றாண்டுகளாக நிற்கவில்லையா என்று என்னிடமே சிலர் வாதாடியிருக்கிறார்கள். அங்கே கல்லின் மேல் கல் உட்கார்ந்திருக்கிறது. தன் எடையே அதற்குப் பிடிமானம். நம் வீட்டில் பதிக்கும் கல்லுக்குத் தன் எடையே எதிரி. கல் பதித்தால் வீடு குளிரும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கருங்கல் செங்கல்லைவிடச் சில மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும்; 20 மில்லிமீட்டர் கல் வெயிலைத் தடுக்காது. அடர்நிறக் கல் இன்னும் அதிகமாகச் சூடேறும். மேற்குச் சுவர் என்றால் வெளிர்நிறக் கல்லைத் தேர்ந்தெடுங்கள். நான் பழைய நிறத்தையே மறுபடி வாங்கியது அம்மாவுக்கு அது பிடித்திருந்ததால் மட்டுமே.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும், தண்ணீர் அடிப்பதற்கும் மேட்டூர்க் குடிநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கல் இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். ஏற்காட்டில் வீடு கட்டுபவர்கள் இதைப் படித்தால், அங்கே கதை வேறு: மலை மேல் பனியும் மழையும்தான் பகை, கல்லுக்குப் பின்னால் தண்ணீர் இறங்காமல் மேல்விளிம்பை மூடுவதுதான் அங்கே முதல் கவலை.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கல் விழுந்ததும் எங்கள் ஒப்பந்ததாரர் பழி முழுவதையும் அந்த முதல் கொத்தனார்மேல் போட்டார். அந்தக் கொத்தனாருக்குச் சதுர அடிக் கணக்கில்தான் கூலி பேசியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதுகைக் கழுவினாலும், நிழலுக்குக் காத்திருந்தாலும், காய்ந்த பசையை வழித்து எறிந்தாலும் நட்டம் அவர் வீட்டு அடுப்புக்குத்தான். ஐந்து உருண்டை வைத்து அமுக்கிவிட்டு அடுத்த கல்லுக்குப் போ என்று சொன்னது அந்தக் கூலிதான். ஏப்ரல் வெயிலில் பிற்பகல் முழுதும் சாரத்தில் நின்று, முகத்தில் துணிகூட இல்லாமல் கல்லை உலர்வாக அறுத்து அந்தத் தூளையெல்லாம் சுவாசித்தவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள் குறித்துவிட்டு அவசரப்படுத்தியவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் முறை நாட்கூலி பேசினோம். கல்லைத் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், முகக்கவசம் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசினோம். கூலி ஒன்றரை மடங்கு ஆனது. இதைப் படித்துவிட்டு, வசதி இருக்கிறவன் பேசுகிறான் என்று சிலர் சொல்லக்கூடும். 220 சதுர அடிக்கு வசதி இல்லையென்றால் வாசல் நிலையைச் சுற்றி நாற்பது சதுர அடி பதித்துக்கொள்ளலாம். அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

உங்கள் வேலை இப்போது பூச்சு மட்டத்தில் இருக்கிறது என்றால், கல் வரும் இடத்தில் பிரைமர் அடிக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மார்கழி, தை வரையிலும் பொறுக்க முடியுமானால் பொறுங்கள். நான் ஒவ்வொரு வருடமும் முதல் கோடை மழை பெய்த மறுநாள் காலையில், ஏணி போட்டு ஏறி எல்லாக் கற்களையும் கரணைப் பிடியால் தட்டிப் பார்க்கிறேன். போன வருடம் சஜ்ஜாவுக்கு அடியில் இரண்டு கற்கள் காலிப் பானைச் சத்தம் கொடுத்தன. கொக்கி இருந்ததால் விழவில்லை. அவற்றைக் கழற்றி, கழுவி, காலை நிழலில் மறுபடி ஒட்டினோம்.