சென்சாருக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று வயர்களை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, அப்பா 2002-இல் வாங்கிய மாருதி எஸ்டீம் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. அதன் 1.3 லிட்டர் என்ஜின் தேய்ந்துவிட்டதால், பழைய பெலினோ காரின் 1.6 லிட்டர் என்ஜினைப் பொருத்தினோம். கூடவே வாய் அகன்ற த்ராட்டில் பாடியும் (என்ஜினுக்குள் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் பாகம்), பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெட்டி ஒன்றும் போட்டார்கள். சில மாதங்களாக 40, 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. சிக்னலில் நின்றால் என்ஜின் ஏறி இறங்குகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. செக் என்ஜின் விளக்கு எரிகிறது, தானாக அணைகிறது. த்ராட்டில் சென்சார் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை புதிது போட்டார்கள். குறை அப்படியே இருக்கிறது. இப்போது மூன்றாவதாக ஒன்று வாங்கிவரச் சொல்கிறார்கள். வாங்கலாமா? கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வாங்காதீர்கள். ஒரே குறைக்கு இரண்டு புது சென்சார் போட்டும் தீரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் சென்சாருக்கு வெளியே இருக்கிறது. என்ஜின் மாற்றிய வண்டியில் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. என்ஜின் ஒரு வண்டியுடையது, வயரிங் இன்னொன்றுடையது, த்ராட்டில் பாடி மூன்றாவது இடத்திலிருந்து வந்தது. இவை சேரும் இடங்களில்தான் முதலில் தேட வேண்டும்.

அந்தச் சென்சார் செய்யும் வேலை எளிமையானது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் த்ராட்டில் தகடு திரும்புகிறது. அதன் அச்சில் உட்கார்ந்திருக்கும் சென்சாருக்குள் ஒரு கரிப்பூச்சுப் பாதையும், அதன் மேல் நகரும் ஒரு தொடுமுனையும் உண்டு. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டும் குமிழும் இதே அமைப்புதான். அந்தக் குமிழ் தேய்ந்தால் ஓரிடத்தில் கரகரக்கும் அல்லவா, சென்சாரும் அடிக்கடி நிற்கும் இடத்தில்தான் தேயும். வெளிவருவது மூன்று வயர்கள். ஒன்றில் ஈ.சி.எம். (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) 5 வோல்ட் அனுப்புகிறது. ஒன்று எர்த். மூன்றாவது, தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஈ.சி.எம்.முக்குச் சொல்லும் சிக்னல்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். சாவியை ஆன் செய்யுங்கள், என்ஜினை ஓட்ட வேண்டாம். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஊசிமுனையை நுழைத்து அளக்கச் சொல்லுங்கள். தகடு மூடியிருக்கும்போது சிக்னல் வயரில் 0.5 முதல் 1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மிதியை முழுதாக அழுத்தும்போது பெரும்பாலான வண்டிகளில் 4 வோல்ட்டை ஒட்டி வரும். நடுவில் மெல்ல மெல்ல மிதிக்கும்போது அளவு தடங்கலின்றி ஏற வேண்டும். ஓரிடத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால் அந்தச் சென்சார் தேய்ந்தது, அப்போது மட்டும் புதிதுக்குப் பணம் செலவழிக்கலாம். இதற்கு முள் ஆடும் பழைய மீட்டர் இன்னும் நல்லது. நொடிப்பொழுது விழுவதை எண் காட்டும் மீட்டர் தவறவிடும், முள்ளோ துள்ளிக் காட்டிவிடும்.

அளவு சரியாக ஏறி இறங்கினால் அடுத்தது எர்த். என்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏ.சி. விசிறியையும் போட்டுக்கொண்டு, சென்சாரின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட சுழியம் வர வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. என்ஜின் மாற்றும்போது பிளாக்கிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை விட்டுவிடுவதும், பெயின்ட் மேல் அப்படியே முடுக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. எர்த் ஆடினால் சிக்னலும் ஆடும். காலை அசைக்காமலேயே மிதியை அழுத்தியதாக ஈ.சி.எம். நம்பிவிடும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்துவது அந்தத் தனிப் பெட்டி. இத்தகைய பெட்டிகளில் பல, த்ராட்டில் சிக்னல் வயரிலேயே கிளை எடுத்து வேலை செய்கின்றன. கிளை எடுத்த இடத்தைத் தேடிப் பிடித்து, சுற்றியிருக்கும் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். வயரின் தோலைச் சுரண்டி, இன்னொரு வயரை மேலே முறுக்கி, ஈயம் வைக்காமல் டேப் ஒட்டியிருந்தால், என்ஜின் சூட்டில் பசை உருகி வழிந்திருக்கும். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்திருக்கும், இரண்டு மூன்று இழைகள் அறுந்தும் இருக்கும். அது ஒன்றே நீங்கள் சொல்லும் எல்லாக் குறைகளையும் கொண்டுவரப் போதுமானது. பெட்டியைப் பிரித்துவிட்டு வயர்களை முன்பு இருந்தபடி சேர்த்து, விரட்டாமல் மிதமாக ஓட்டிப் பாருங்கள். வெட்டுவது நின்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனை என்பதால் இதையே முதலில் செய்யச் சொல்வேன்.

கேபிளையும் விட்டுவிடக் கூடாது. வேறு என்ஜினில் ஆக்சிலரேட்டர் கேபிளின் நீளம் பொருந்தாமல் இறுக்கமாக இருந்தால், காலை எடுத்த பிறகும் தகடு முழுதாக மூடாது. ஐடிலிங் (மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) ஏறட்டும் என்று த்ராட்டில் பாடியின் நிறுத்து திருகைச் சில மெக்கானிக்குகள் திருப்பிவிடுவதும் உண்டு. அது தொழிற்சாலையிலேயே அளந்து வைக்கப்பட்டது, அதில் கை வைப்பதே தவறு. இரண்டிலும் விளைவு ஒன்றுதான். மூடிய நிலையின் வோல்ட் உயர்ந்துவிடும், ஓட்டுநர் மிதித்துக்கொண்டிருப்பதாக ஈ.சி.எம். கணக்குப் போடும். ஐடிலிங்கைச் சீராக்கும் வேலையை அது தொடங்காது. இறக்கத்தில் காலை எடுக்கும்போது பெட்ரோலை நிறுத்தும் வேலையையும் செய்யாது. மைலேஜ் எங்கே போகிறது என்பதற்கு இதுவே விடையாக இருக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இப்போது ஓடுவது எஸ்டீமின் ஈ.சி.எம்.மா, பெலினோவினுடையதா? த்ராட்டில் பாடி எதிலிருந்து வந்தது? சில சென்சார்களில் மூடிய நிலையைத் தனியாகச் சொல்லும் நான்காவது வயர் உண்டு. அதை எதிர்பார்க்கும் ஈ.சி.எம்.முக்கு மூன்று வயர் சென்சார் கொடுத்தால் எத்தனை புதிது போட்டாலும் பயனில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஈ.சி.எம். பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீட்டை, அதாவது கோடை, ஸ்கேனரில் படிக்காமல் பாகம் மாற்றியிருந்தால் அதையும் கேளுங்கள். வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து சொல்லும் ஓ.பி.டி. முறையில் பி0122 என்றால் சிக்னல் வோல்ட் மிகக் குறைவு, பி0123 என்றால் மிக அதிகம். இரண்டுமே 'சென்சார் கெட்டது' என்று சொல்வதில்லை, அந்தச் சுற்றில் எங்கோ கோளாறு என்று மட்டுமே சொல்கின்றன. இந்தியாவில் ஓ.பி.டி. கட்டாயமானது 2010-க்குப் பிறகு என்பதால், மலிவு விலை ப்ளூடூத் கருவி உங்கள் காரோடு பேசாமல் போகலாம். பழைய மாருதிகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடுங்கள்.

இனி பணம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. திருப்பிக் கொடுக்க பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாட்கள் என்று கொள்ள வேண்டும். 'எலெக்ட்ரிக்கல் பாகம் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்டிருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் அரணாகாது. ஆனால் உங்கள் விஷயத்தில் சென்சார்கள் நன்றாகவே இருந்திருக்கலாம். அப்படியென்றால் கடைக்காரர் மேல் குற்றமில்லை. அளந்து பார்க்காமல் மாற்றிய ஒர்க்‌ஷாப்பின் சேவைக் குறைபாடு அது. எனவே கழற்றிய இரண்டு சென்சார்களையும் கேட்டு வாங்கி, வேறு ஒருவரிடம் சோதித்து, அளவுகளை எழுதி வாங்குங்கள். முதலில் கடிதம் மூலம் பணத்தைக் கேளுங்கள். பலிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி என்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யிலும் திருத்த வேண்டும். அது நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்.சி.யில் பழைய என்ஜின் எண்ணே இருந்தால், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து நீட்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் நீட்டும். சென்சாரைவிட இது பெரிய விஷயம், உடனே கவனியுங்கள்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய த்ராட்டில் பாடி சென்சாரோடு சேர்த்துக் கிடைக்கிறது. வாங்குவது சரியா?

பதில்: பழைய கார்களுக்கு அது நல்ல வழிதான், புதிய பாகம் வரத்து நின்றுபோனவற்றுக்குச் சில சமயம் அதுவே ஒரே வழி. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். ஓம் அளவில் வைத்து, சிக்னல் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே பிடித்தபடி தகட்டை விரலால் மெல்லத் திருப்புங்கள். எண் ஒழுங்காக நகர வேண்டும். தகட்டின் அச்சை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்த ஆட்டத்துக்கு எந்தச் சென்சாரும் ஈடுகொடுக்காது. பாகத்தின் எண்ணை எழுதிய பில் கேளுங்கள், கையெழுத்துச் சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: என் புதிய காரில் கேபிளே இல்லை. ரீமேப் (ஈ.சி.எம்.மின் மென்பொருளை மாற்றியமைப்பது) செய்த இடத்தில் த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்தார்கள். அதிலிருந்து வேகமே ஏறவில்லை. சென்சார் மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மின்மோட்டாரால் திறக்கும் த்ராட்டிலில் இரண்டு சென்சார்கள் உள்ளேயே இருக்கும். ஒன்றின் கணக்கு மற்றதோடு ஒத்துப்போகாவிட்டால் ஈ.சி.எம். பாதுகாப்புக்காக வேகத்தைக் கட்டிவிடும். பி2135 என்ற கோடு வந்தால் அதுதான் பொருள். சுத்தம் செய்தபோது தகட்டைக் கையால் தள்ளியிருக்கலாம், ஈரம் கனெக்டரில் இறங்கியிருக்கலாம். கனெக்டரைக் காயவைத்துத் திரும்ப மாட்டி, ஸ்கேனரில் த்ராட்டிலின் மூடிய நிலையை மறுபடி பதியவைக்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்த இடத்திலேயே அதைக் கட்டணமில்லாமல் செய்துதர வேண்டும். அதன் பிறகும் அதே கோடு வந்தால், இந்த வகையில் பெரும்பாலும் சென்சாரை மட்டும் தனியாக மாற்ற முடியாது, த்ராட்டில் பாடி முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும். வாரன்டி இருந்தால், ரீமேப் செய்ததை மறைக்காமல் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.