மஸ்கட்டில் இந்தியருக்குத் தனிக் கோர்ட் உண்டா?

தம்பி, உங்கள் கேள்வி இது. மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் புறப்படுகிறீர்கள். "அங்கே வழக்கு, தகராறு எதுவானாலும் இந்தியர்களை நம்ம எம்பஸியே விசாரிச்சுக்கும், சுல்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை" என்று உங்கள் பெரியப்பா சொல்கிறார். அவருக்கு அதைச் சொன்னவர் பழைய கப்பல்காரர் ஒருவர். இது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

இன்றைக்கு உண்மை இல்லை. ஓமன் மண்ணில் கால் வைத்த நிமிடத்திலிருந்து ஓமன் சட்டம்தான், ஓமன் கோர்ட்தான். ஆனால் பெரியப்பா காற்றிலிருந்து பிடித்துச் சொல்லவில்லை. அப்படி ஒரு ஏற்பாடு இந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அரபி ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. "எம்பஸி பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கையோடு கடைசி நேரத்தில் வந்து நிற்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1839-ல் சையத் சயீத் பின் சுல்தான் பிரிட்டனோடு ஒரு வணிக உடன்படிக்கை செய்தார். அப்போது ஓமனும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்த சான்சிபாரும் அவர் ஒருவரின் ஆட்சியில் இருந்தன. பிரிட்டிஷ் பிரஜைகள் இருவருக்குள் தகராறு வந்தால் கான்சல் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி தீர்ப்பார். சுல்தானின் பிரஜை ஒருவர் பிரிட்டிஷ் பிரஜை மேல் வழக்குப் போட்டால், அதையும் கான்சலே விசாரிப்பார். பிரிட்டிஷ் பிரஜை போய் சுல்தானின் ஆள் மேல் வழக்குப் போட்டால் மட்டும் சுல்தான் தரப்பு விசாரிக்கும். அப்போதும் கான்சலோ அவர் அனுப்பிய ஆளோ கூடவே உட்கார்ந்திருப்பார்.

காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். யார் மேல் வழக்கோ அவர் தரப்பு விசாரிக்கிறது, அவ்வளவுதானே என்று தோன்றும். நடைமுறையை யோசித்துப் பாருங்கள். ஓமனின் பாத்தினாக் கரையில் ஒரு பேரீச்சை விவசாயி, குஜராத்தின் கட்ச்சிலிருந்து வந்த வியாபாரியிடம் விளைச்சலை வைத்துக் கடன் வாங்குகிறார். கணக்கில் வியாபாரி ஏமாற்றிவிட்டார் என்று அந்த விவசாயி நினைத்தால், தன் சொந்த நாட்டிலேயே ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வாசலில் போய் நிற்க வேண்டும். வியாபாரிக்கு அந்த அதிகாரி பழகிய முகம். விவசாயிக்கு மொழியும் தெரியாது, முறையும் தெரியாது.

1867-ல் லண்டனிலிருந்து வந்த அரசாணை இந்த அதிகாரத்தை முறைப்படுத்தியது. மஸ்கட்டில் கான்சலாக இருந்தவரே பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் அரசியல் பிரதிநிதியான பொலிட்டிகல் ஏஜென்ட்டும். ராஜதந்திரம் பேசுவது, வியாபாரிகளின் புகாரைக் கேட்பது, நீதிபதியாக உட்காருவது எல்லாம் ஒரே ஆள். நடத்தியதும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சட்டங்களைத்தான். 1864-லேயே இங்கே இந்தியத் தபால் நிலையம் வந்துவிட்டது. கடைவீதியில் இந்திய ரூபாயும் ஓடியது. இதையெல்லாம் பார்த்த கப்பல்காரருக்கு மஸ்கட் துறைமுகம் பம்பாயின் ஒரு வார்டு போலத் தெரிந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அந்தக் கதையில் நம்மூர்க்காரர்களுக்குப் பெரிய இடமில்லை. கட்ச் பாட்டியாக்கள், சிந்திகள், கோஜாக்கள் போன்ற வியாபாரச் சமூகத்தார்தான் அதில் இருந்தவர்கள். அவர்களுக்கும் முதல் கேள்வியே, யார் பிரிட்டிஷ் பிரஜை என்பதுதான். கட்ச் அப்போது ராவ் என்ற பட்டமுள்ள மன்னர் ஆண்ட சமஸ்தானம். சமஸ்தானத்து ஆள் ராவின் குடியா, பிரிட்டிஷ் ராணியின் குடியா? சான்சிபாரிலும் மஸ்கட்டிலும் இது வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 1873-ல் மஸ்கட்டின் சுல்தான் துர்கி, இந்திய சமஸ்தானத்துக்காரர்களும் பொலிட்டிகல் ஏஜென்ட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்களே என்று ஒப்புக்கொண்டார்.

இதில் என்ன இவ்வளவு இழுபறி என்று நினைப்பீர்கள். பிரஜை என்றால் பாதுகாப்பு மட்டும் இல்லை, கட்டுப்பாடும் சேர்ந்து வரும். பிரிட்டிஷ் பிரஜை அடிமைகளை வைத்திருக்கக் கூடாது. 1860 வாக்கில் சான்சிபாரில் கான்சலாக இருந்த ரிக்பி, இந்திய வியாபாரிகளிடம் இருந்த அடிமைகளை விடுவிக்க வைத்தார். உடனே சிலர் "நாங்கள் பிரிட்டிஷ் பிரஜைகளே இல்லை, சுல்தானின் குடிகள்" என்று சொல்லிப் பார்த்தார்கள். கடன் வசூலுக்குக் கான்சல் வேண்டும், அடிமை விஷயத்தில் கான்சல் வேண்டாம். அந்த அடிமைகளின் விடுதலை அந்தக் கோர்ட் ஏற்பாட்டில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். அந்த அதிகாரத்தைப் பற்றிய என் மற்ற எல்லாக் குறைகளுக்கு நடுவிலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

மஸ்கட்டின் மத்ரா பகுதிக்குப் போனால் கடலோரத்தில் சூர் அல் லவாத்தியா என்ற மதில் சூழ்ந்த குடியிருப்பைப் பார்ப்பீர்கள். சிந்துப் பக்கத்திலிருந்து பல தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள் லவாத்தியாக்கள். அவர்களில் பலரைப் பிரிட்டிஷார் ஒரு காலத்தில் தங்கள் பிரஜைகளாகக் கணக்கில் வைத்திருந்தார்கள். இன்று அவர்கள் முழு ஓமானியர்கள். அரசாங்கத்திலும் வியாபாரத்திலும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

பாதுகாப்பு என்று சொன்னேன், அதன் விலையையும் சொல்ல வேண்டும். 1895-ல் உள்நாட்டுப் பழங்குடிகள் மஸ்கட்டுக்குள் புகுந்தபோது இந்திய வியாபாரிகளின் சரக்கு சூறையாடப்பட்டது. பிரிட்டிஷார் அதற்கு சுல்தான் ஃபைசலிடம் நஷ்டஈடு கேட்டார்கள். ஏற்கெனவே கஜானா வற்றிக்கிடந்த ஆட்சி அது. வியாபாரிகளுக்கு ஆன நஷ்டம், சுல்தானை அழுத்தும் கருவியாக மாறியது. இந்தியன் மேல் இருந்த பாசத்தில் நடந்தது என்று இதை யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இன்னொரு வழக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஓமனின் சூர் என்ற துறைமுக ஊர்க் கப்பல்காரர்கள் பிரெஞ்சு கான்சலிடம் கொடியும் காகிதமும் வாங்கித் தங்கள் தோணிகளில் பறக்கவிட்டார்கள். அடிமை வியாபாரத்தைத் தடுக்கிறோம் என்று பிரிட்டிஷ் கடற்படை கப்பல்களைச் சோதனை போட்ட காலம். பிரெஞ்சுக் கொடி இருந்தால் அந்தச் சோதனை இல்லை. நாளாக நாளாக, "நாங்கள் பிரான்சின் ஆட்கள், சுல்தான் சட்டம் எங்களைத் தொடாது" என்ற பேச்சு வந்தது. வழக்கு ஹேக் நகரத்தின் நிரந்தர நடுவர் மன்றம் வரை போனது, 1905-ல் தீர்ப்பு வந்தது. 1892 ஜனவரி 2-க்குப் பிறகு பிரான்ஸ் பொதுவாக இப்படிக் கொடி கொடுக்க முடியாது என்றார்கள். அதைவிட முக்கியம், தோணியில் பிரெஞ்சுக் கொடி பறப்பதால் மட்டும் அதன் உரிமையாளரும் மாலுமிகளும் சுல்தானின் நீதி அதிகாரத்திலிருந்து விலகிவிட முடியாது என்றார்கள். சுல்தானுக்காக அந்த வாதத்தை வைத்த பிரிட்டன், அதே மஸ்கட்டில் தன் பிரஜைகளுக்கு மட்டும் தனிக் கோர்ட்டை இன்னும் அறுபது வருஷம் வைத்திருந்தது. இந்த நியாயம் எனக்கு ஒப்பவே இல்லை.

1947-ல் இந்தியா விடுதலை அடைந்ததும் வளைகுடா விவகாரம் டெல்லியின் கையை விட்டு லண்டன் வெளியுறவு அலுவலகத்துக்குப் போனது. இந்தியா 1953-ல் சுல்தானோடு நேராகவே நட்பு உடன்படிக்கை செய்தது. 1955-ல் மஸ்கட்டில் இந்தியக் கான்சலேட் திறந்தது. அதில் கோர்ட் கிடையாது, சாதாரண கான்சலேட்தான். பிரிட்டிஷ் நீதி அதிகாரம் 1967 பிறந்தபோது முடிவுக்கு வந்தது. அதே 1967-ல்தான் ஓமன் எண்ணெய் முதன்முதலாகக் கப்பலேறியது. ஆக, அந்த எண்ணெய்க்குப் பின்னால் வந்த நாம் யாரும் அந்தக் கோர்ட்டின் நிழலைக்கூடப் பார்த்ததில்லை. பெரியப்பா சொல்வது நமக்கு முன்னால் வந்த வேறு ஆட்களின் கதை.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

சம்பளம் வரவில்லை, ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்றால் முதலில் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார். அவர்கள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேசுவார்கள். முடியவில்லை என்றால் கோர்ட். தொழிலாளி போடும் வழக்குக்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. இதைத் தெரியாமலேயே பயந்து ஒதுங்குபவர்கள் அதிகம். பர்காவில் ஒரு கொத்தனார், பல மாதச் சம்பளம் நின்றும், எம்பஸி முதலாளியைக் கூப்பிட்டு விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் என்று காத்துக்கொண்டே இருந்தார். எம்பஸியில் அவரை அன்பாகத்தான் நடத்தினார்கள், விசாரிக்கும் அதிகாரம்தான் அவர்களுக்கு இல்லை. கடைசியில் அமைச்சகத்துக்குப் போனார், வழக்கு நடந்தது, பணம் வந்தது. முதல் மாதமே போயிருந்தால் அவர் மனைவி நகையை அடகு வைத்திருக்க வேண்டியதில்லை.

அப்போ எம்பஸி எதற்கு? அவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நீங்கள் கைதானால், 1963 வியன்னா ஒப்பந்தப்படி எம்பஸிக்குத் தகவல் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் வந்து பார்க்கலாம், வக்கீல் பட்டியல் கொடுக்கலாம். கையில் காசில்லாமல் சிக்கியவர்களுக்கு இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவ வழி இருக்கிறது. மதத் என்ற இந்திய அரசின் இணையதளத்தில் புகாரைப் பதிந்தால் அதன் போக்கைத் தொடர்ந்து பார்க்கலாம். யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்புவது வரை அவர்கள்தான் துணை. தீர்ப்புச் சொல்வது மட்டும் அவர்கள் வேலை இல்லை. ஓமன் கோர்ட் சொன்ன தீர்ப்பை மாற்றவும் அவர்களால் முடியாது.

கல்யாணம், விவாகரத்து, வாரிசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1997-ன் தனிநபர் சட்டத்தில் 282-ஆம் பிரிவு, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அவரவர் முறை செல்லும் என்கிறது, அவர்களே இந்தச் சட்டம் வேண்டும் என்று ஒத்துக்கொண்டால் தவிர. பழைய ஏற்பாட்டின் மிச்சம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இது ஓமன் தன் கோர்ட்டில் தானாக வைத்திருக்கும் விதி, வேறு நாட்டுக் கொடி இதில் எங்கும் இல்லை.

அக்கவுண்டன்ட் என்பதால் செக் பற்றித் தனியாகச் சொல்கிறேன். பணம் இல்லாமல் செக் திரும்பினால் இங்கே அது கிரிமினல் குற்றம். கம்பெனிக்காகக் கையெழுத்துப் போடச் சொல்லி முதலாளி எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், "என் பேரில் அதிகாரம் வேண்டாம் சார்" என்று சொல்லப் பழகுங்கள். கையெழுத்து யாருடையதோ அவரைத்தான் போலீஸ் தேடும், பயணத் தடையும் அவருக்குத்தான் விழும். நல்ல பையன்கள் இதில் மாட்டிக்கொண்டு ஊருக்கும் போக முடியாமல் அலைவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வேலை மாறுவது முன்பைவிட எளிது. பழைய முதலாளியிடம் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், வாங்கினால்தான் மாற முடியும் என்ற விதி 2021 ஜனவரியோடு போய்விட்டது. பாஸ்போர்ட்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பத்தாக்கா என்ற குடியிருப்பு அட்டை வந்ததும் அதன் நகலை வீட்டுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

நேரம் கிடைத்தால் பழைய மஸ்கட் போங்கள், சுல்தானின் அல் ஆலம் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அந்தக் கட்ச் வியாபாரிகளின் வழித்தோன்றல்களில் கிம்ஜி ராம்தாஸ் குடும்பம் ஓமன் குடியுரிமையே பெற்றது. அந்த வீட்டுக் கனக்சி கிம்ஜிக்கு சுல்தான் காபூஸ் ஷேக் பட்டம் கொடுத்தார். இந்து ஒருவர் ஷேக் ஆனதை இங்கே இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். அவருடைய முன்னோர் காலத்தில் இந்த ஊரில் வழக்கென்றால் வெள்ளைக்காரரின் கோர்ட். அவர் இந்த நாட்டுக் குடிமகனாகவே வாழ்ந்து 2021-ல் காலமானார்.

உங்கள் வேலை ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் வந்திருந்தால் அரபிப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். கோர்ட்டில் பேசுவது அதுதான். இரண்டிலும் சம்பளம், பதவி, கால அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. அரபி புரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், அடிப்படைச் சம்பளமும் அலவன்ஸும் எந்த வரியில் இருக்கிறது என்று குறித்துத் தருகிறேன்.