டெர்மினல் எழுத்து தெரியவில்லை என்றால் புது மானிட்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். லேப்டாப்பில் புரோகிராம் எழுதும் விஎஸ் கோட் எடிட்டரைப் போட்டு, அது கண்ணாடி மாதிரி தெரிய ஏதோ எக்ஸ்டென்ஷனும் (கூடுதல் இணைப்பு), நிறங்களை மாற்றும் தீமும் வைத்திருக்கிறான். பின்னால் மீனாட்சி அம்மன் கோயில் கோபுரப் படம். கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினல் பகுதியில் நீல எழுத்தும் சாம்பல் எழுத்தும் மட்டும் தெரியவே இல்லை என்கிறான். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினோம். டிஸ்பிளே மங்கிவிட்டது, 11,000 ரூபாய்க்குத் தனி மானிட்டர் வாங்கி மாட்டுங்கள் என்றார்கள். அவனுடைய நண்பனோ காசு கொடுத்து வேறு தீம் வாங்கச் சொல்கிறான். எதை வாங்குவது?
– வாசகி, திருநகர், மதுரை

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள் அம்மா. முதலில் எழுத்து தெரியாத நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். கேமராவில் திரையைப் படம் பிடிக்கக் கூடாது, ஸ்கிரீன்ஷாட்தான் வேண்டும். கம்ப்யூட்டர் அனுப்பும் நிறம்தான் அதில் பதிவாகும். திரை மங்கலாக இருந்தால் அது பதிவாகாது. போனிலும் எழுத்து தெரியவில்லையா? அப்படியானால் டிஸ்பிளே மேல் குற்றமில்லை. கடைக்காரர் இந்தச் சோதனையைச் செய்யாமலே விலை சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. திரை மங்கியிருந்தால் பொதுவாக எல்லா எழுத்தும் மங்கும், இரண்டு நிறம் மட்டும் மறைவது அரிது.

டெர்மினலுக்கு அடிப்படையாக 16 நிறங்கள் உண்டு. உள்ளே ஓடும் புரோகிராம் பெரும்பாலும் "நீலம்", "சாம்பல்" என்று எண்ணால் மட்டும் சொல்லும். எந்த நீலம் என்பதைத் தீம்தான் முடிவு செய்கிறது. தீம் செய்தவர் ஒரே சீரான கறுப்புப் பின்னணியை மனதில் வைத்து நிறங்களைத் தேர்ந்திருப்பார். அங்கே பல வண்ணக் கோபுரம் வந்து நின்றால், சிலைகளுக்கு நடுவே சாம்பல் எழுத்து காணாமல்தான் போகும். எழுத்தும் பின்னணியும் ஒட்டிப்போகாமல் தானே திருத்தும் வசதி விஎஸ் கோட்டில் இருக்கிறது. 'மினிமம் கான்ட்ராஸ்ட் ரேஷியோ' என்று செட்டிங்ஸில் தேடச் சொல்லுங்கள். வழக்கமாக 4.5 இருக்கும், 1 என்று மாற்றியிருந்தால் அந்தத் திருத்தம் நின்றுவிடும். 7 வைத்துப் பார்க்கலாம். ஆனால் எடிட்டர் தனக்குத் தெரிந்த பின்னணி நிறத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கோபுரம் அதற்குத் தெரியாது.

அதனால் நல்ல வழி, டெர்மினலுக்கு மட்டும் கண்ணாடியை எடுத்துவிடுவதுதான். 'கலர் கஸ்டமைசேஷன்ஸ்' பகுதியில் டெர்மினல் பின்னணியை #101010 (கிட்டத்தட்ட கறுப்பு நிறத்துக்கான குறியீடு) என்று கொடுக்கட்டும். இப்போது அங்கே எட்டு இலக்கம் இருந்து கடைசி இரண்டும் 00 என்றால், அது முழுக் கண்ணாடி என்று அர்த்தம். கண்ணாடி இருந்தே ஆக வேண்டும் என்று மகன் சொன்னால், கோபுரப் படத்துக்குப் பதில் ஒரே நிறத்து இருண்ட படம் வைக்கட்டும். நீலத்தையும் சாம்பலையும் அதே பகுதியில் வெளிறிய சாயலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தீமுக்கும் காசு தேவையில்லை. ஹை கான்ட்ராஸ்ட் தீம்கள் விஎஸ் கோட்டுடனேயே வருகின்றன. இன்னொன்று: கண்ணாடித் தோற்றம் தரும் சில எக்ஸ்டென்ஷன்கள் எடிட்டரின் சொந்த ஃபைல்களையே மாற்றி எழுதுகின்றன. பிறகு எடிட்டர் 'இன்ஸ்டலேஷன் பழுதாகியிருக்கிறது' என்று எச்சரிக்கும். அப்டேட் வந்தால் அந்த மாற்றம் போய்விடும். அதைப் பார்த்து யாராவது வைரஸ், ஃபார்மட் செய்ய வேண்டும் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் போனில் பளிச்சென்று இருந்து, லேப்டாப்பில் மட்டும் மங்கலாக இருந்தால் கதை வேறு. பில்லை எடுங்கள். வாரன்டி முடியவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், ஜாப் ஷீட்டை (பழுது பார்க்கக் கொடுத்ததற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.