கானாடுகாத்தான் வீட்டில் ஆம்ப் உறுமுவது பற்றி

எலக்ட்ரிக் கிட்டார் கம்பியைத் தொட்டால் ஆம்ப்பின் (கிட்டார் ஒலிபெருக்கியின்) உறுமல் குறைகிறது, கையை எடுத்தால் கூடுகிறது என்கிறீர்கள். அது பல கிட்டார்களில் உள்ளதுதான். எனக்கு உறுத்துவது பழைய வீட்டின் இரண்டு துளை பிளக் பாயிண்டும், மூன்று பின் பிளக்கை அதில் செருக நீங்கள் மாட்டியிருக்கும் அடாப்டரும். எர்த்தே இல்லை, ஷாக் அடிக்கலாம்!

முதலில் கிட்டார் வயரை ஆம்ப்பிலிருந்து உருவிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் ஆம்ப் சரி. கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப்தான் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்) 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ரீங்காரத்தை இழுக்கிறது. ஃபேன் ரெகுலேட்டரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து கிட்டாரைத் திருப்பினால், ஏதோ ஒரு கோணத்தில் குறையும். உருவியும் உறுமினால் ஆம்ப்புக்குள் கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் போயிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்கள் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் தேங்கியிருக்கும்.

எப்படியும் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் போட்டுவிடுங்கள். அதற்காகத் தரையின் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வேண்டாம், தோட்டத்தில் குழி எடுத்து வயர் இழுத்தால் போதும். அதுவரை அந்த அடாப்டரில் வாசிக்காதீர்கள்.