பீட்டா எச்.சி.ஜி. (ரத்தத்தில் உள்ள கர்ப்ப ஹார்மோன்) 1,240, ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. கரு சரியாக இருக்கிறதா என்று ஒரே ரத்தப் பரிசோதனையில் சொல்ல முடியாதா?

முடியாது. நான் லேபில் வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கவுன்டரிலேயே நின்று, "நார்மல்தானே அக்கா?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். ரிப்போர்ட்டில் வாரவாரியாகப் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். ஐந்தாம் வாரத்துக்கு இருபதுக்குக் கீழே தொடங்கி ஏழாயிரத்தைத் தாண்டிப் போகும். கருக்குழாயில் தங்கிவிட்ட கருவின் எண்ணும் அதற்குள் தாராளமாக அடங்கிவிடும்.

அதனால்தான் 48 மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். இரட்டிப்பாக வேண்டும் என்று பலரும் பயமுறுத்துவார்கள், அப்படி இல்லை. முதல் அளவு 1,500-க்குக் கீழே என்றால் குறைந்தது 49 சதவீதம் ஏறினால் போதும். உங்கள் கணக்கில் சுமார் 1,850. அதற்குக் குறைந்தால் சந்தேகம்; இறங்கினால் பெரும்பாலும் கரு கலைகிறது. ஆனால் குழாய்க் கர்ப்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் எண் நல்ல கர்ப்பம் போலவே ஏறும். ஆகவே எண் நன்றாக ஏறினாலும் அடுத்த ஸ்கேனைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவது ரத்தத்தையும் அதே லேபில் கொடுங்கள். கிட் மாறினால் எண்ணும் மாறும். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல், நஞ்சுத் திசு திராட்சைக் கொத்து போல வளர்வது) என்று டாக்டர் சந்தேகப்பட்டால் அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பரிசோதனையில் இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே எச்.சி.ஜி. மூலக்கூறை இரு பக்கமும் பிடிக்க வேண்டும். எச்.சி.ஜி. லட்சக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனி மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும், மெஷின் குறைத்துக் காட்டிவிடும். முன்பே தெரிந்தால் சாம்பிளை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டிப் பார்ப்போம்.

பாப்-ஏ, ஆக்டிவின்-ஏ என்று வேறு புரதங்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எச்.சி.ஜி.யின் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் இரண்டாவது ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். நடுராத்திரி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழாய் வெடித்தால் உள்ளேயே ரத்தம் கொட்டும், எச்.சி.ஜி. குறைவாக இருந்தாலும் வெடிக்கலாம். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.