ஸ்விட்சர்லாந்தா, ஆஸ்திரியாவா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆல்ப்ஸ் மலையைப் பங்கிட்டுக்கொண்ட இந்த இரண்டு நாடுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எந்த மாதம் போகிறீர்கள், கூட யார் வருகிறார்கள் என்ற இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் விடுமுறை. நான்கு பேர், முதல் ஐரோப்பியப் பயணம். எங்கே போகலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

மே என்றால் என் வாக்கு ஆஸ்திரியாவுக்கு. நம் ஊர் விடுமுறையும் ஆல்ப்ஸின் பருவமும் ஒத்துப்போவதில்லை. ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். உயரமான நடைபாதைகளில் பனி உருகியிருக்காது. ஃபுர்கா, சுஸ்டன் போன்ற மலைச்சாலைகள் திறக்கப் பெரும்பாலும் ஜூன் ஆகிவிடும். படத்தில் பார்க்கிற பச்சைப் புல்வெளியும் நீல ஏரியும் ஜூன் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் வரையிலானவை.

அதே மே மாதத்தில் வியன்னா மிக அழகாக இருக்கும். ஷான்புருன் அரண்மனைத் தோட்டத்தில் கட்டணமில்லாமல் நடக்கலாம். அதை ஒட்டியிருப்பது 1752இல் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை. இன்றும் இயங்குகிற விலங்குக் காட்சிசாலைகளில் உலகிலேயே பழையது அதுதான். நாட்டின் கூட்டாட்சி அருங்காட்சியகங்களில் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டைனோசர் கூடத்தை விட்டுப் பிள்ளைகளை வெளியே அழைத்து வருவதுதான் கஷ்டம். மாலையில் ஓபராவில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்.

மே மாதத்திலும் ஸ்விட்சர்லாந்துதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், சிகரங்களை விட்டுப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். பனி உருகும் காலம் என்பதால் லாட்டர்புருன்னனின் அருவிகள் அப்போது நிறைந்து கொட்டும்.

ஸ்விட்சர்லாந்தில் செலவு மிக அதிகம் என்கிறார்கள். டிராவல் பாஸ் எடுத்தால் கட்டுப்படுமா?
– வாசகர், திருச்சி

செலவு அதிகம்தான். தங்குமிடத்திலும் சாப்பாட்டிலும்தான் கை சுடும். சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து ஒருவர் சாப்பிட 25 பிராங்க் சுலபமாகத் தாண்டிவிடும். வியன்னாவில் வாரநாள் மதிய உணவைப் பல இடங்களில் 15 யூரோவுக்குள் முடிக்கலாம். அடுப்படி வசதியுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்து, மிக்ரோஸ், கோப் கடைகளில் காய்கறி வாங்கிச் சமைப்பதுதான் ஸ்விட்சர்லாந்தில் நல்ல வழி.

பாஸ் விஷயத்தில் பலர் கணக்குப் போடாமலே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். தினமும் ஊர் மாறிக்கொண்டே இருப்பவருக்கு ஸ்விஸ் டிராவல் பாஸ் லாபம். ரயில், பேருந்து, படகு, 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இன்டர்லாக்கனில் தங்கி மலை மலையாக ஏறப்போகிறவருக்கு ஹாஃப் ஃபேர் கார்டே பொருத்தம். யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான மலை ரயில் நிலையத்துக்குப் போகும் பயணத்தில் டிராவல் பாஸ் கிரின்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் செல்லும். அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. ஹாஃப் ஃபேர் கார்டில் பாதிக் கட்டணம். ரிகி மலைக்கு மட்டும் போவதாக இருந்தால் டிராவல் பாஸிலேயே உச்சிவரை போய்விடலாம்.

பெற்றோருடன் வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசம். அது இருந்தால் பிள்ளைகளுக்கும் டிக்கெட் வேண்டாம். பாஸ் வாங்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியாவில் பெரும்பாலானோருக்குப் பாஸே வேண்டாம். அரசு ரயில்வேயான ஓபிபியின் ஷ்பார்ஷீனே என்ற தள்ளுபடி டிக்கெட்டுகளை முன்கூட்டியே எடுத்தால் மிகக் குறைவு. வியன்னாவிலிருந்து சால்ஸ்பர்க் இரண்டரை மணி நேரம். அந்தத் தடத்தில் வெஸ்ட்பான் என்ற தனியார் ரயிலும் ஓடுவதால், இரண்டு விலையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்பாவுக்கு 74 வயது, இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.
– வாசகர், மதுரை

அந்த ஆசையை நிறைவேற்றி வையுங்கள், ஆனால் யுங்ஃப்ராவ்யோக்கில் வேண்டாம். அந்த நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. காலையில் சமவெளியில் இருந்துவிட்டு மதியத்துக்குள் அங்கே போய் நிற்பது இதய நோயாளிக்குப் பெரிய சுமை.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரின் நடுவிலிருந்தே நார்ட்கெட்டே மலைக்கு மலை ரயிலிலும் பிறகு கேபிள் காரிலும் போகலாம். ஸேகுருபே நிலையம் 1,905 மீட்டரில் இருக்கிறது, வசந்தகாலத்திலும் பனி கிடக்கும். ஸ்விட்சர்லாந்து என்றால் 1,798 மீட்டர் உயரமுள்ள ரிகி. 1871லிருந்து ஓடும் பற்சக்கர ரயில் உச்சிக்கு அருகே கொண்டுபோய் விடும், மேலே அதிகம் நடக்க வேண்டாம். எதுவானாலும் அவருடைய இதய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே டிக்கெட் எடுங்கள்.

ஒரு நாட்டின் விசா நேரம் சீக்கிரம் கிடைக்கிறது. அதில் விண்ணப்பித்துவிட்டு மற்ற நாட்டைச் சுற்றலாமா?
– வாசகர், சென்னை

கூடாது. இரண்டும் ஷெங்கன் நாடுகள், ஒரே விசா போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டில். ஹோட்டல் பதிவு ஒன்றாகவும் பயணம் வேறாகவும் இருந்தால் எல்லையில் கேள்வி வரும், அடுத்த விசாவுக்கும் பாதிப்பு. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

நாங்கள் சுத்த சைவம். எந்த நாட்டில் சமாளிக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

இரண்டிலும் சமாளிக்கலாம், கேட்டுச் சாப்பிட வேண்டும். உருக்கிய பாலாடைக்கட்டியான ஸ்விஸ் ஃபாண்டூவில் வெள்ளை ஒயினும் கிர்ஷ் என்ற மதுவும் சேர்ப்பது வழக்கம். ரோஷ்டி உருளைக்கிழங்குதான், ஆனால் பன்றிக்கொழுப்புத் துண்டுகளோடும் வரும். ஆஸ்திரியாவில் காய்கறி சூப்பே மாட்டெலும்புச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். பாரம்பரியமான க்ரூயேர், எம்மென்டால் பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது.

சூரிச்சில் 1898லிருந்து நடக்கும் ஹில்ட்ல் முழுச் சைவ உணவகம். பெர்ன் போனால் ஐரோப்பா பிளாட்ஸில் இருக்கும் சமயங்களின் இல்லத்துக்குப் போங்கள். 2014 டிசம்பரில் திறந்த அந்தக் கட்டடத்தில் பள்ளிவாசல், தேவாலயம், பௌத்தக் கூடம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஈழத்தமிழர்கள் நடத்தும் சைவநெறிக்கூடமும் அங்கேதான். ஏதிலிகளாக வந்தவர்கள் அந்நிய மண்ணில் எழுப்பிய கோயில் அது. சுற்றுலா நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கே அழைத்துப் போவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஹால்ஷ்டாட் ஒரு நாள் போய்வரத் தகுமா?
– வாசகர், சேலம்

ஓரிரவு தங்குவதானால் தகும். 800 பேர்கூட வசிக்காத ஆஸ்திரிய ஏரிக்கரைக் கிராமம், பகலில் பேருந்துப் பயணிகளால் திணறுகிறது. மாலையில் அவர்கள் கிளம்பிய பிறகும், காலையில் அவர்கள் வருமுன்னும் நடந்து பாருங்கள். ரயிலில் வந்தால் எதிர்க்கரையில் இறங்கிப் படகில் ஊருக்குள் நுழையலாம். பேருந்தில் வருபவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது.

கார் எடுக்கலாமா?
– வாசகர், பெங்களூரு

ஸ்விட்சர்லாந்தில் வேண்டாம், ரயில் போகாத இடம் அரிது. ஸெர்மாட், வெங்கன், மூரனுக்குள் கார் போகவே முடியாது. ஆஸ்திரியாவில் எடுக்கலாம், குறிப்பாக 1935இல் திறந்த 48 கிலோமீட்டர் கிராஸ்குளோக்னர் மலைச்சாலைக்காக. குளிர்காலத்தில் அது மூடியிருக்கும். நெடுஞ்சாலைக்கு வின்யெட் என்ற கட்டண வில்லை வேண்டும். மலைச்சாலைக்குக் கட்டணம் தனி.

ஜூலையில் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இரண்டையும் பார்க்க முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

தாராளமாக. போகும் விமானம் சூரிச்சுக்கு, திரும்பும் விமானம் வியன்னாவிலிருந்து என்று எடுங்கள், வந்த வழியே திரும்பும் அலைச்சல் மிச்சம். லாட்டர்புருன்னன் பக்கம் ஐந்து இரவு. பிறகு சூரிச்சிலிருந்து மூன்றரை மணி நேர ரயிலில் ஆர்ல்பெர்க் வழியாக இன்ஸ்ப்ரூக், அங்கே இரண்டு இரவு. அடுத்து சால்ஸ்பர்க் ஒன்று, வியன்னா மூன்று. சால்ஸ்பர்க்கில் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய இசை விழா, அறை விலை ஏறிவிடும் என்பதால் அதை முதலில் பதிவு செய்யுங்கள். யுங்ஃப்ராவ்யோக் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள். வானிலையையும் உச்சியின் நேரலைக் கேமராவையும் முந்தின நாள் மாலை பார்த்து வாங்குங்கள். மேகம் மூடியிருந்தால் அன்று ட்ரூமல்பாக் அருவிக்குப் போய், மலையை மறுநாளுக்கு மாற்றுங்கள். ஐந்து இரவு அங்கே தங்கச் சொன்னது அதற்காகத்தான்.